மூடினாலும் ஓடுவது

"அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கீங்க மேடம்."

பிரம்மநாயகம் இப்படித்தான் ஆரம்பித்தார். ஒரு வணக்கம்கூட இல்லை.

இசக்கியம்மாள் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நமக்குக் காற்று தருகிற விசிறி அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சின்ன விசிறி.

"எத சார்?"

"மூடினாலும் ஓடுத வித்தைய."

இசக்கியம்மாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மேஜையைத் தாடையால் காட்டினார்.

அந்த மேஜையில் பெனிட்டா லேப்டாப்பை மூடினாள். டப்.

மணி நாலரை.

"ஓடுதாட்டி?" என்று உள்ளேயிருந்தே கேட்டார் இசக்கியம்மாள்.

"ஓடுதுக்கா. வாரேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெனிட்டா நாலு நாற்பது பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிரம்மநாயகத்துக்கு அடிவயிறு எரிந்தது. பாரு, அவளைப் பாரு, உன்னால முடியுமா என்று இந்த அம்மாள் தாடையை ஆட்டிக் காட்டுகிறாள். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.



ஆற்று வெள்ளத்தை ஆராய்கிற ஒரு மையம் அது. திருநெல்வேலிப் பக்கம். இசக்கியம்மாள் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். எல்லாரும் அவரைக் குரு என்பார்கள், அவர் காதில் விழாதபடி.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பிரம்மநாயகத்துக்கு நாற்பத்தாறு.

அதுவே அவருக்குப் பாதி எரிச்சல்.

கல்லூரியில் பதினெட்டு வருடம் பாடம் நடத்திவிட்டு, டாக்டர் பட்டத்துக்காக விடுப்பு எடுத்து வந்தவர். சேர்ந்த முதல் நாளே, புது ஆட்களுக்கு இசக்கியம்மாள் அரைமணி நேரம் ஒரு வகுப்பு எடுத்தார். பிரம்மநாயகம் போகவில்லை. வகுப்பு எடுத்தே பழகியவருக்கு வகுப்பில் உட்கார ஒரு மாதிரி இருந்தது.

இது நடந்து பதினோரு மாதம் ஆயிற்று.



அவர் வேலை இதுதான். ஒரு சின்ன ஆறு, நூறு வருடத்து மழை. எந்த வருடம் எந்த ஊருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு வருடமாகக் கணக்குப் போட வேண்டும். முழுதாக ஓடி முடிய ஆறு நாள்.

கணக்குப் போடுவது மையத்தின் பெரிய கம்ப்யூட்டர். பிரம்மநாயகம் தன் லேப்டாப்பில் டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, அதன் வழியாகப் பெரியதற்குக் கட்டளை கொடுப்பார். அது ஓடும்.

ஜன்னல் மூடினால் நின்றுவிடும். கட்டளை கொடுத்த ஆள் போய்விட்டான், இனி யாருக்காக ஓட வேண்டும் என்று அதற்கு எண்ணம். மறுபடி முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதனால் அவர் மூடுவதே இல்லை.

திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறுவார். சட்டைப்பையில் ஃபோன், அதிலிருந்து இன்டர்நெட்.

"என்ன அண்ணாச்சி, தெனம் தாம்பாளத்த ஏந்திக்கிட்டு வாரீங்க? சீர்வரிசையா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

அப்படி ஏந்தியும் எத்தனையோ தடவை செத்தது.

ஒரு தடவை ஃபோனில் சார்ஜ் தீர்ந்தது. ஒரு தடவை ஒரு பொட்டல்காட்டில் சிக்னல் போனது. ஒரு தடவை லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று யாரையும் கேட்காமல் அணைந்து எழுந்தது. ஒரு தடவை அவர் குளிக்கப் போன நேரத்தில் மனைவி மூடிவைத்தார்.

"ஏட்டி, ஏன் மூடுனே?"

"பல்லி விழுந்திரும்லா. அதான்."

அவர் கணக்கு முப்பத்தோராவது வருடத்தைத் தாண்டியதே கிடையாது.



பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. அவர் பக்கத்து மேஜை. நாலடி தூரம்.

அவளுக்கும் ஆறும் வெள்ளமும்தான் வேலை. வேறு ஆறு, அதே மையத்து புரோகிராம். நாலரைக்கு டப் என்று மூடுவாள். போவாள். மறுநாள் ஒன்பதரைக்கு வந்து திறப்பாள். ஓடிக்கொண்டிருக்கும்.

பிரம்மநாயகம் அந்த டப்பை வெறுத்தார். வீட்டில் யாராவது டிபன் டப்பாவை மூடினால்கூட அவருக்கு முகம் மாறியது.

அவளை எத்தனை கவனித்தார்! என்ன நேரம் வருகிறாள், குருவிடம் என்ன சிரிக்கிறாள், குரு வீட்டு மாங்காய் ஊறுகாய் அவளுக்கு மட்டும் ஒரு பாட்டில் எப்படி வந்தது. எல்லாம் தெரியும் அவருக்கு. கேட்டிருக்க வேண்டிய ஒன்றைத் தவிர.

குருவிடம் மட்டும் அவர் வாராவாரம் போய்க் கேட்டார்.

"மேடம், எனக்கும் அத சொல்லுங்க."

தாடை பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பும்.

"மேடம், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

தாடை.

"மேடம், ஒங்க ஊருக்காரின்னா ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அன்றைக்கு மட்டும் இசக்கியம்மாள் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, தாடைதான்.

நியாயம் கேக்குதேன். இப்படித்தான் பிரம்மநாயகம் தனக்குள் சொல்லிக்கொண்டார். வயிறு எரிவதற்கு அவர் வைத்திருந்த பெயர் நியாயம்.



கெடு நெருங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் நூறு வருடக் கணக்கையும் பேராசிரியர்கள் முன்னால் வைக்க வேண்டும். இல்லையென்றால் அவர் டாக்டர் பட்டப் பதிவு ரத்து. திரும்பிப் போய் அதே கல்லூரியில், முடிக்காமல் வந்தவர் என்ற பெயரோடு, அதே வகுப்பில் நிற்க வேண்டும்.

அதற்கு எட்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தது. அவர் தூங்கினார். அன்று சார்ஜர் மாட்டவில்லை; தொடாமல் விட்டதால் லேப்டாப்பும் தூங்கியது. எழுந்து பார்த்தால், மறுபடியும் செத்திருந்தது.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நாலரை.

டப்.

"ஓடுதாட்டி?"

"ஓடுதுக்கா! எண்பத்தேழு வந்துட்டு. நாளைக்கு முடிஞ்சிரும்."

"நல்லதாப் போச்சு. போயிட்டு வா."

எண்பத்தேழு.

பெனிட்டா போகும்போது அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல நின்றாள். பிறகு சொல்லாமல் போனாள்.

பவுசு காட்டுதா, என்று பிரம்மநாயகம் நினைத்தார்.



பெரிய கம்ப்யூட்டருக்குள் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அது அவருக்குத் தெரியும். செத்ததா என்று பார்த்துப் பார்த்துப் பழகியது.

அடித்தார்.

அந்த மையத்தில் வெள்ள ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட். எல்லாரும் ஓட்டுவது ஒரே புரோகிராம். அதன் பெயர் வெள்ளம். யாருடைய வெள்ளம் என்று அதில் எழுதியிருக்காது.

ஒரே ஒரு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

தன்னுடையது செத்துவிட்டது. அப்படியானால் இது அவளுடையது.

அதன் பக்கத்தில் ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லி நிறுத்து என்றால் நிறுத்திவிடும். அந்தக் கட்டளையும் அவருக்குத் தெரியும்.

நிறுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? எல்லாருக்கும் ஒரே லாகின். நிற்பது இங்கே புதுசா?

விரல் சும்மா இருந்தது கொஞ்ச நேரம். பிறகு சும்மா இல்லை.

பட்டியலை மறுபடி பார்த்தார். வெள்ளம் இல்லை.

அந்த நிமிடம் அவருக்கு இனித்தது. அதை மறைத்து என்ன செய்ய? பதினோரு மாதத்தில் முதல் தடவையாக மனம் குளிர்ந்தது.

அன்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார். கண்டக்டர் ஏதோ கேட்டார். அவர் காதில் விழவில்லை. வீடு வருவதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.



வெள்ளிக்கிழமை. ஒன்பதரை.

பெனிட்டா வந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

பிரம்மநாயகம் தன் திரையைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் இரண்டு தடவை ஏதோ அடித்தாள். கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது.

எழுந்து நேராக அவர் மேஜைக்கு வந்தாள்.

தெரிந்துவிட்டது, என்று அவர் நினைத்தார்.

"சார், மன்னிச்சிருங்க."

பிரம்மநாயகம் எழப்போனார்.

"ஒங்களோடது நின்னுபோச்சு சார்."

"என்னோடதா?"

"என்னோடது போன வாரமே முடிஞ்சிட்டு சார். நீங்க லேப்டாப்பத் தாம்பாளமா ஏந்திக்கிட்டு பஸ்ஸுல போறதப் பாத்து எனக்கு மனசு கேக்கல. ஒங்க ஃபைல் எல்லாம் பொது ஃபோல்டர்லதான கெடக்கு. சனிக்கெழம வந்து ஓட்டிவிட்டேன். கேட்டா வேண்டாம்னுருவீங்கன்னு சொல்லல. முடிஞ்ச பெறவு சொல்லலாம்னு..."

பிரம்மநாயகம் அவள் மேஜையில் திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார்.

"எண்பத்தெட்டு வரைக்கும் வந்துட்டு சார். எப்படி நின்னுதுன்னே தெரியல. நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

அவள் அழுதாள். அவருக்காக.



பிரம்மநாயகம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மேடம், நான்தான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"பெரிய கம்ப்யூட்டரு எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிடும். லாகின் ஒண்ணா இருந்தாலும் எந்த லேப்டாப்புல இருந்து வந்துச்சுன்னு எழுதிக்கிடும். நேத்து நாலு அம்பத்திரண்டு, ஒங்க லேப்டாப்பு."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் ஏன் சொல்லணும்?"

அவர் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இசக்கியம்மாள் பிரஷ்ஷை எடுத்துத் தூசி தட்டத் தொடங்கினார்.

"ஒண்ணு கேக்கவா சார்?"

"கேளுங்க."

"மூடினாலும் நிக்காம ஓடுதது எப்படின்னுதான இத்தன நாளா எங்கிட்ட கேக்குதீங்க?"

"ஆமா."

"ஆபீஸ விட்டுப் போனீங்க. பஸ்ஸுல போனீங்க. சாப்பிட்டீங்க. தூங்குனீங்க. அப்பவும் ஒங்களுக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டேதான இருந்துச்சு?"

அவர் கை கதவுப் பிடிக்குப் போனது.

"பதினோரு மாசம். கரண்டு போயி நிக்கல, சிக்னல் போயி நிக்கல. அத எப்படி சார் ஓட்டுனீங்க?"

இசக்கியம்மாள் தலையைத் தூக்கவில்லை. தாடையால் காட்டினார்.

பிரம்மநாயகம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெனிட்டா மூக்கைச் சிந்திக்கொண்டு, அவருடைய கணக்கு எங்கே நின்றது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாடையில் கேலி எதுவும் இல்லை. அது ஒரு மேஜையைக் காட்டியது. அவ்வளவுதான்.



வெளியே வந்தவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

காலை போயிற்று. சாப்பாட்டு நேரம் போயிற்று. மூன்று தடவை நாற்காலியைத் திருப்பினார், மூன்று தடவையும் திரும்ப வைத்தார். நாலடி தூரம். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் மேடையில் நின்று பேசிய வாய்.

மணி நாலு. இன்றைக்கே ஓட்டினால் அடுத்த வியாழன் சாயங்காலம் முடியும். நாளைக்கு ஓட்டினால் முடியாது.

"பெனிட்டா."

"சார்?"

"நேத்து நான்தான் நிறுத்தினேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"ஒன்னோடதுன்னு நெனச்சி நிறுத்தினேன்."

புரிந்தது. முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மூடினாலும் ஓடுதது எப்படின்னு எனக்குச் சொல்லித் தாறியாம்மா?"

பெனிட்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பையை எடுத்தாள். தோளில் மாட்டினாள்.

போகட்டும், போகத்தான் வேண்டும், என்று அவர் நினைத்தார்.

அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். நடுவில் இரண்டடி விட்டுத்தான் போட்டாள்.

"இத ஏன் சார் அன்னைக்கே கேக்கல?"

"மேடம்கிட்ட கேட்டுக்கிட்டேதான இருந்தேன்."

"அக்கா யாருக்கும் ரெண்டாவது தடவ சொல்ல மாட்டாங்க. பக்கத்து மேசையக் காட்டுவாங்க. நானும் வகுப்புல சரியாக் கவனிக்கல. எனக்கு முன்னால இங்க இருந்த மரியராஜ்தான் சொல்லித் தந்தான். இங்க எல்லாரும் அப்படித்தான் படிச்சோம்."

பிரம்மநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"டைப் பண்ணுங்க," என்றாள்.

டிமக்ஸ் என்று ஒரு புரோகிராம். பெரிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு அறை கட்டிக்கொடுக்கும். அறைக்குள் போய் வேலையைத் தொடங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாம் வெளியே வந்துவிடலாம். நம் ஜன்னல் மூடினாலும் அறை அங்கேயே இருக்கும். உள்ளே வேலை ஓடும்.

இவ்வளவுதான் வித்தை. நாலு வரி.

"மொதல்ல அந்த அறைக்குப் பேரு வைங்க சார். பேரு வச்சாத்தான் நாளைக்குத் தேடிப் போகலாம். நிறுத்தணும்னாலும் எத நிறுத்துதோம்னு தெரிஞ்சி நிறுத்தலாம்."

அவர் யோசித்தார்.

"ஒன் பேரு வைக்கட்டுமா? நீதான ஓட்டிவச்சே."

"என் பேரு வேண்டாம் சார். யாராவது நிறுத்திருவாங்க."

அவள் சிரிக்கவில்லை.

அவர் தன் பெயரை அடித்தார். கணக்கு தொடங்கியது. முதல் வருடம். இரண்டாவது வருடம்.

"இப்ப இந்த ரெண்டு கீயும் சேத்து அமுக்குங்க. விட்டுட்டு, இத அமுக்குங்க."

எண்கள் மறைந்தன. வெறும் ஜன்னல்.

"செத்துட்டா?"

"இல்ல. மூடுங்க."

"அடுத்த வெள்ளிக்கெழம என் பொழப்பே இதுலதாம்மா இருக்கு."

"மூடுங்க சார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சி."

மூடியைப் பிடித்தார். பதினோரு மாதம் திறந்தே ஏந்திக்கொண்டு திரிந்த மூடி.

டப்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஓடுதாட்டி?"

பெனிட்டா பையை மாட்டிக்கொண்டு, அவரைப் பார்த்தபடி நின்றாள்.

"ஓடுது மேடம்," என்றார் பிரம்மநாயகம்.

பிரஷ் சத்தம் நின்றது.

"மத்தது சார்? ஒங்களுக்குள்ள ஓடுதது?"

அவர் பெனிட்டாவைப் பார்த்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

"அதுவும் ஓடுதுதான் மேடம். ஆனா இப்ப அதுக்குச் சரியான பேரு தெரியும்."